கடைமடைக்கும் செல்ல வேண்டிய செய்தி

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தூரம் ஓடி, புன்னக்காயல் என்னும் ஊரருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வழியில் கோடைமேலழகியான் அணைக்கட்டு முதல் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஈறாக எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைக் கால்வாய்களில் பிரித்து விடுகின்றன. மேல்மடை வயல் நிறைந்த பின்னரே கீழ்மடைக்கு நீர் வரும். எல்லாருக்கும் கடைசியில் நீர் பெறும் நிலத்தைக் கடைமடை என்பர் உழவர். மழை பொய்த்தால் முதலில் காய்வதும், வெள்ளம் பெருகினால் முதலில் மூழ்குவதும் கடைமடையே.

மாணவச் செல்வங்களே! நீருக்கு மட்டுமன்றி, செய்திக்கும் ஒரு கடைமடை உண்டு. அரசு ஒரு முடிவு செய்கிறது. துறைகள் அதை அறிகின்றன. அலுவலகங்களுக்கு ஓலை வருகிறது. ஆனால், குழாயடியில் வெறுங்குடத்தோடு நிற்கும் தாய்க்கு அச்செய்தி எப்போது எட்டுகிறது? அவளுக்கும் அலுவலகத்துக்கும் இடையே நிற்பவர் அவளுடைய வாக்கைப் பெற்று வந்த ஊராட்சி உறுப்பினர். ஊர்க் குறைகளின் நிலையை அவர் மக்களுக்கு எடுத்துரைக்கும் கடமையைப் பற்றியே இன்று சிந்திப்போம்.

புன்னக்காயலையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பொருநையின் கழிமுகம் வண்டலால் தூர்ந்து தூர்ந்து கடல் பின்வாங்கியமையால், சங்க காலத்துக் கொற்கைத் துறை உள்நாட்டு ஊராயிற்று. பின்னர் எழுந்த பழைய காயலும் அவ்வாறே ஆயிற்று. அதன்பின் ஓங்கியது புன்னக்காயல். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் அது பேர்பெற்ற துறைமுகமாக விளங்கிற்று. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் பணியாற்றியதும் இவ்வூரில்தான். இன்று அது மீனவர் வாழும் கடற்கரை ஊர்.

இத்தகைய ஊரில் ஒரு தெருவில் மூன்று நாள்களாகக் குடிநீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கழிமுகத்தில் கடல்நீர் ஏறும், கிணற்றுநீர் உவர்க்கும். ஆகவே, மேட்டிலிருந்து குழாய்வழி வரும் ஆற்றுநீரையே மக்கள் நம்பியிருக்க வேண்டும். அக்குழாய் வறண்டதற்குக் காரணம் என்ன? பெரிய குழாய் உடைந்திருந்தால் அதைச் சீர்செய்ய வேண்டியது குடிநீர் வடிகால் வாரியம். நீரேற்றும் பொறிக்கு மின்சாரம் இல்லையெனில் மின்வாரியம். ஆற்றிலேயே நீர் குறைந்திருந்தால் நீர்வளத்துறை. ஊர்த் தொட்டியிலிருந்து தெருவுக்கு வரும் சிறு குழாய் அடைபட்டிருந்தால் ஊராட்சி. ஒரு குடம் நீருக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கின்றனர். குடம் ஏந்தியவளுக்கோ, தெரிந்தவர் ஒருவரே; அவர் தம் தெருவின் உறுப்பினர்.

அவளுக்கு இருவகையாக விடை கூறலாம். "சொல்லியிருக்கிறோம், வந்துவிடும், அம்மா" என்பது ஒரு விடை. கேட்பதற்கு இனியது, ஆயினும் அதில் செய்தி ஒன்றும் இல்லை. "மேற்கே பெரிய குழாய் உடைந்திருக்கிறது. அது வாரியத்தின் வேலை. நேற்றுக் காலை எழுத்தில் தெரிவித்தோம். வேலை முடிய இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள். அதுவரை காலை ஏழு மணிக்கு லாரியில் தண்ணீர் வரும். நாளை மாலை மறுபடியும் வந்து நிலைமையைச் சொல்கிறேன்" என்பது மற்றொரு விடை. இவ்விடையில் ஐந்து கூறுகள் இருப்பதைக் காண்க: நேர்ந்தது என்ன, பொறுப்பு யாருடையது, இதுவரை செய்தது என்ன, முடியும் நாள் எது, அதுவரை வழி என்ன. இவற்றோடு, மீண்டும் வந்து சொல்லும் உறுதியும் இருக்கிறது. குழாய் இன்னும் உடைந்தே கிடக்கிறது. எனினும் அத்தாய் அன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்வாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா, தண்ணீருக்கு நிறுத்தி வைக்க வேண்டுமா என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

உரிய நேரத்தில் சொல்லப்பட்ட செய்தி உயிரையும் காக்கும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை நீங்கள் அறிவீர்கள். புன்னக்காயலுக்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணியின் கீழ்ப்பகுதி ஊர்கள் பல நீரில் மூழ்கின. சாலையும் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுத் தனித்து நின்றன. அவ்விரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அப்பால் செய்துங்கநல்லூர்ப் பகுதியில் தண்டவாளத்தின் அடியிலிருந்த கல்லும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. பாதை கெட்டது என்ற செய்தி வண்டிக்கு முந்தி வந்தமையால், ஏறத்தாழ 800 பயணிகள் பெரும் விபத்திலிருந்து தப்பினர். உணவுக்கும் வெளிவருவதற்கும் அவர்கள் பட்ட துன்பம் பெரிதாயினும், உயிர் பிழைத்தனர். ஊருக்குச் செய்தி சொல்லும் வழிகளை வெள்ளம் வந்த பின் அமைக்க இயலாது. அமைதியான நாள்களில் குழாயையும் விளக்கையும் பற்றி ஒழுங்காகச் சொல்லிப் பழகிய ஊரில், ஆபத்து வேளையிலும் யார் சொல்வார், எங்கே சொல்வார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

அதிகாரம் பெற்றவர் விடை கூற வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதியதன்று. திருநெல்வேலிக்கு வடக்கேயுள்ள மானூரில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. மாறஞ்சடையன் என்னும் மன்னனின் 35-ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. ஊர்ச்சபையில் இடம்பெறத் தக்கவர் யார் என்பதை அது வரையறுக்கிறது. அத்துடன், எந்தக் கருத்து வந்தாலும் 'அன்று' என்று மறுத்துக்கொண்டே சபையின் செயலைத் தடுப்போர்க்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. அவை கூடினால் முடிவு பிறக்க வேண்டும் என்பது அக்கால ஊராரின் துணிபு. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பது அங்கு ஒரு விதி. பழைய ஏதென்சு நகரத்திலும், ஓராண்டுப் பதவி முடிந்தவர் தம் கணக்கையும் நடத்தையையும் குடிமக்கள் முன் ஆய்வுக்கு வைத்த பின்னரே விடுபட முடியும்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. மானூர் அவையும் உத்திரமேரூர் அவையும் நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலரின் அவைகளே. பெண்களுக்கும் உழுதொழிலாளருக்கும் அங்கே இடமில்லை. ஏதென்சிலும் பெண்களும் அடிமைகளும் புறத்தே நின்றனர். பழைமையின் சிறந்த விதியைக் கொண்டு, அதை எல்லார்க்கும் உரியதாக்கியது நம் காலத்தின் பணி.

அப்பணியை அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் செய்தது. அது 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் பிறந்தது. இதன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஊராட்சி உறுப்பினர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுபவர். கிராம சபையின் உறுப்பினரோ, அவ்வூர் வாக்காளராக இருக்கும்வரை உறுப்பினரே. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் கூடி வந்த இச்சபை, 2022-இல் அரசு அறிவித்தபடி மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறுமுறை கூடுவதாயிற்று. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பது குறிப்பிடத்தக்கது. 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருந்தாலே கூட்டம் செல்லும். அங்கே ஊராட்சியின் வரவுசெலவும், நடைபெறும் பணிகளும், தணிக்கை அறிக்கையும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். நகரங்களிலும் வார்டுதோறும் மன்ற உறுப்பினர் தலைமையில் மக்களைக் கூட்டும் பகுதிச் சபைகள் 2022-இல் தொடங்கின. 2016-இல் செய்த சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியதாயிற்று. குடம் சுமப்பவரே விடை கூறும் நாற்காலியிலும் அமர வழி பிறந்தது.

சட்டம் வாய்க்காலை வெட்டித் தந்தது. ஆயினும் நீர் கடைமடை வரை ஓடுகிறதா? சில தடைகளை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, உறுப்பினரே இல்லாத காலங்கள். தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகப் பகுதிகளுக்கு 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இடையில் மூன்றாண்டுக்கு மேலாகத் தனி அலுவலர்களே நிருவகித்தனர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 சனவரி 5-ஆம் நாள் முடிந்தபோதும், உரிய காலத்தில் தேர்தல் நடவாமையால் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர் வசம் விடப்பட்டன. தூத்துக்குடி மாவட்டமும் அந்த 27-இல் ஒன்று. அலுவலர் நல்லவராகவும் திறமையுடையவராகவும் இருக்கலாம். ஆனால் பல ஊராட்சிகள் அவர் பொறுப்பில் இருக்கும். அவர் நம் தெருவில் குடியிருப்பவர் அல்லர். வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வரவேண்டியவரும் அல்லர். இரவில் விளக்கு எரியவில்லை என்றால், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்ற வினாவுக்கு விடையில்லாமற் போகிறது.

இரண்டாவது தடை, நேரமும் இடமும். மீனவர் வைகறைக்கு முன்பே கடலுக்குச் செல்பவர். பெண்கள் காலையில் மீன் விற்கச் செல்பவர். தூத்துக்குடிக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குச் செல்லாமை வழக்கம். அந்நாளில், கோயில் பூசை முடிந்து மக்கள் வெளிவரும் வேளையில், உறுப்பினர் ஒரு கால்மணி நேரம் நின்று பேசினால் ஊரின் பெரும்பகுதிக்குச் செய்தி எட்டும். அலுவலக நேரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள் அவ்வளவு தொலைவு செல்லாது. தண்டோரா போட்டு அறிவிக்கும் பழைய முறை இனி வேண்டியதில்லை என்று 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. ஒலிபெருக்கியும் கைப்பேசியும் இன்று உள்ளன. எழுத்தறியாத முதியவரையும் மனத்தில் கொண்டு, எழுத்தாலும் குரலாலும் சொல்வதே முறை.

மூன்றாவது தடை அச்சம். "முடியாது என்று சொன்னால் மக்கள் வெறுப்பர், அடுத்த தேர்தலில் வாக்குக் கிடைக்காது" என்று உறுப்பினர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தில் ஒரு நியாயமும் உண்டு. ஊராட்சியின் நிதி சிறிது. பெரும் பணிகளெல்லாம் பிற துறைகளின் கையில் உள்ளன. தம்மால் ஆகாத ஒன்றுக்காகத் தாம் ஏச்சு வாங்குவது அவருக்கு வருத்தமே. ஆனால் அவர் வாய் திறவாதிருந்தால் ஏச்சு முழுவதும் அவர் மீதே விழும். கையிருப்பு எவ்வளவு, எந்தப் பணிக்குச் செலவாயிற்று, எந்தக் கோரிக்கை எந்த மேசையில் நிற்கிறது என்று திறந்து காட்டினால், மக்கள் அவரோடு சேர்ந்து அந்த மேசையை நோக்கி நடப்பர். மறைப்பவர் தனியே நிற்கிறார். சொல்பவருக்கு ஊரே துணை.

ஊர் கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இராசஸ்தானம் சான்று. அங்கே பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் சிற்றூரில் 1994 டிசம்பர் 2-ஆம் நாள் மக்கள் கூடினர். பொதுப்பணிக் கணக்குகளில் எழுதியிருந்தவற்றை, உழவர்-உழைப்பாளர் அமைப்பினர் எல்லார் செவியிலும் விழ உரக்கப் படித்தனர். எழுதியது ஒன்று, நடந்தது வேறு என்பதை, வேலை செய்தவர்களே எழுந்து கூறினர். இத்தகைய பொது விசாரணைகளிலிருந்து எழுந்த இயக்கமே, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பெருந்துணையாயிற்று. அச்சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்டால் முப்பது நாள்களுக்குள் விடை தர வேண்டும். ஆயினும், ஒரு தெருவிளக்கின் நிலையை அறிய ஒவ்வொருவரும் மனு எழுத வேண்டியிருப்பது நல்லாட்சிக்கு அழகன்று. கேளாமலே சொல்லப்பட வேண்டியவை அவை.

மாணவர்களே! இதில் உங்களுக்கும் பங்குண்டு. 18 வயது நிறைந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் கிராம சபையின் உறுப்பினராவீர்கள். பள்ளியில் பயில்வோர், பெற்றோரோடு சென்று ஓரமாக அமர்ந்து கேளுங்கள். ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். என்ன குறை கூறப்பட்டது, யார் என்ன விடை கூறினார், எந்த நாள் குறித்தார் என்று நான்கு வரி எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அக்குறிப்பைப் பணிவோடு படித்து, "அந்த வேலை எந்த அளவில் உள்ளது, ஐயா?" என்று கேட்கச் செய்யுங்கள். இகழ்ந்து பேச வேண்டியதில்லை. எதற்கெடுத்தாலும் 'அன்று' என்று மறுத்தவருக்கு மானூரார் ஐந்து காசு தண்டம் வைத்ததை மறவாதீர்கள். வேலை முடிந்திருந்தால் நன்றி கூறுங்கள். முடியாதிருந்தால் காரணத்தைக் கேட்டு, புதிய நாளை எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களிற் சிலர் நாளை உறுப்பினராகவும் தலைவராகவும் அமரக் கூடும். அப்போது, உங்கள் ஊராட்சியின் கடைசித் தெருவில் உள்ள கடைசி வீட்டை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வீட்டாருக்குத் தெரிந்துவிட்ட செய்தி ஊர் முழுவதற்கும் தெரிந்ததாகும்.