எம்டன் பீரங்கியும் குற்றாலச் சாரலும்

துணிச்சலும் தந்திரமும் நிறைந்த ஒருவனைப் பற்றி, "அவன் சரியான எம்டன்!" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, அது சென்னைக் கடற்கரைக்குச் சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் வந்து நின்று ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் மாண்டனர். மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு ஓடினர். கப்பல் போய்விட்டது, பெயர் நம் பேச்சில் தங்கிவிட்டது.

பெயர் மட்டுமா? அக்கப்பலின் 10 பீரங்கிகளுள் ஒன்று இன்றும் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரின் ஹைடு பூங்காவில் போர் நினைவுச் சின்னமாக நிற்கிறது. 1917இல் அதை அங்கே நிறுவினார்கள். போர் முடிந்த பின் அந்நாட்டின் சிற்றூர்களில்கூட, கைப்பற்றிய ஜெர்மானியப் பீரங்கி ஒன்றைப் போருக்குச் சென்ற தம் ஊரார் நினைவாக வைப்பது வழக்கமாயிற்று. இத்தகைய பீரங்கியைக் காண்பவர்கள் கல்வெட்டைப் படிப்பார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். நாம் எம்டன் பீரங்கியை இயற்பியல் மாணவனின் கண்கொண்டு பார்ப்போமா?

குழலின் உள்விட்டம் 10.5 சென்டிமீட்டர். நீளம் அதைப்போல் 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர். சுமார் 17 கிலோகிராம் எடையுள்ள குண்டு அதன் வாயிலிருந்து வினாடிக்கு 690 மீட்டர் திசைவேகத்துடன் வெளிப்படும். இது ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்கு. அசையாமல் கிடந்த குண்டு இவ்வேகத்தை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம், ஒரு வினாடியில் ஏறத்தாழ 80இல் ஒரு பங்குதான். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இந்தப் பீரங்கியை 30 பாகை வரை நிமிர்த்திச் சுடலாம். அப்படியானால் குண்டு எவ்வளவு தொலைவு போகும்? வகுப்பில் நாம் படித்த விதி உண்டல்லவா? திசைவேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, எறிகோணத்தின் இரு மடங்கின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். விடை 42 கிலோமீட்டர்! தென்காசியில் வைத்துச் சுட்டால் குண்டு ஆலங்குளத்தையும் தாண்டித் திருநெல்வேலியை நெருங்கிவிடும். தேர்வில் இவ்விடை எழுதுபவருக்கு நானும் முழு மதிப்பெண் போடுவேன். ஆனால் உண்மையில் அந்தக் குண்டு சென்ற பெருந்தொலைவு சுமார் 12 கிலோமீட்டரே. கடையநல்லூரை எட்டுவதே பாடு!

மீதி 30 கிலோமீட்டரை விழுங்கியது எது? "காற்றின் தடையைப் புறக்கணிக்க" என்று கேள்வித்தாளின் ஓரத்தில் போட்டுவிடுகிறோமே, அந்தக் காற்றுதான். வேகம் கூடக் கூடத் தடை அதன் வர்க்க விகிதத்தில், ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அதைவிடவும் விரைவாக, கூடுகிறது. குழலை விட்டு வெளிவந்த கணத்தில் இக்குண்டைக் காற்று பின்னுக்குத் தள்ளிய விசை, குண்டின் எடையைப்போல் ஐந்தாறு மடங்கு இருக்கும்.

நம்ப முடியவில்லையா? ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு வாருங்கள். மேகத்திலிருந்து விழும் துளி, காற்று இல்லாவிட்டால், 1 கிலோமீட்டர் கீழே வருவதற்குள் வினாடிக்கு 140 மீட்டர் வேகம் பெற்றிருக்கும். மணிக்கு 500 கிலோமீட்டர்! சாரலில் நனைவது என்ற பேச்சே இராது. ஆனால் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள சாரல் துளி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில்தான் இறங்குகிறது. எடையும் காற்றின் தடையும் சமமானதும் அதன் வேகம் கூடுவது நின்றுவிடும். இதை முற்றுத் திசைவேகம் என்கிறோம். கோடை மழையின் 5 மில்லிமீட்டர் துளியோ சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து சுள்ளென்று அடிக்கும். பெரிய துளிக்கு ஏன் இந்தச் சலுகை? விட்டம் 10 மடங்கானால் காற்று மோதும் பரப்பு 100 மடங்காகிறது. எடையோ 1,000 மடங்காகிவிடுகிறது.

இதே கணக்கு கடலில் உயிர்களைத் தீர்மானித்தது. 1914 நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகள் அருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனை எதிர்கொண்டது. சுமார் 9.5 கிலோமீட்டர் தொலைவிலேயே எம்டன் சுடத் தொடங்கியது. சிட்னியின் தலைவர் கிளாசப் இதை எதிர்பார்க்கவில்லை. 30 பாகை நிமிரும் பீரங்கி செய்த வேலை அது. முதற் குண்டுகள் சிட்னிமீது விழுந்தன, நால்வர் மாண்டனர்.

பிறகு நிலைமை மாறியது. சிட்னியின் குண்டு 15.2 சென்டிமீட்டர் விட்டமும் 45 கிலோகிராம் எடையும் உள்ளது. குறுக்குப் பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் எம்டன் குண்டில் சுமார் 200 கிராம் எடை. சிட்னி குண்டில் 250 கிராம். கோடைத் துளியைப் போலவே அது காற்றுக்குக் குறைவாகப் பணிந்தது. வேகம் மிக்க சிட்னி தொலைவைக் கூட்டிக்கொண்டே சுட்டது. எம்டனின் மாலுமிகள் 130 பேருக்கு மேல் மடிந்தனர். தலைவர் முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றினார். சிதைந்த அக்கப்பலிலிருந்து எடுத்து வந்ததுதான் பூங்காவில் நிற்கும் பீரங்கி.

சிட்னி வரை எல்லாராலும் போக இயலாது. சென்னைக்குப் போனால் உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரைப் பாருங்கள். எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் பலகை அங்கே இருக்கிறது.