கேட் மூடியாயிற்றா?

மாதிரி ரயில்பாதையில் தானியங்கி கேட் அமைப்பவர்கள் மேஜைமேல் கற்கும் பாடம், நிஜப் பாதையில் உயிர் காக்கும் பாடம்

வளைவில் இன்ஜின் தலைகாட்டியதும் சிவப்பு விளக்குகள் மாறி மாறிக் கண்சிமிட்டுகின்றன. தீக்குச்சி கனமே உள்ள இரண்டு தடுப்புக் கம்புகள் மெல்ல இறங்குகின்றன. கட்டைவிரல் அளவு கார் ஒன்று காத்து நிற்கிறது. ரயில் போனதும் கம்புகள் எழுகின்றன.

மாதிரி ரயில் இந்தியாவில் சிலருக்கே வாய்க்கும் பொழுதுபோக்கு. பாவுசாகேப் ஜோஷியின் சேகரிப்பைக் கொண்டு 1998இல் புனேயில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அதைப் பொதுமக்களின் பார்வைக்குக் கொண்டுவந்தது. உலகெங்கும் பரவலாக உள்ள 'எச்.ஓ.' அளவில், ரயில் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். ரயில் ஓடத் தொடங்கிவிட்டால் அடுத்த ஆசை, தானே மூடித் திறக்கும் கேட்.

கம்பை இறக்கி ஏற்ற மேஜைக்கு அடியில் ஒரு சிறிய மோட்டார் போதும். எப்போது இறக்குவது என்பதில்தான் சிக்கல். பாதையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றைப் பாய்ச்சினால், ரயில் அதை மறைத்ததும் மோட்டார் இயங்கும். ஆனால் 100 கி.மீ. வேகம், இந்த அளவில் வினாடிக்கு 32 செ.மீ. கேட் மூட மூன்று வினாடி, கூடுதல் அவகாசம் இரண்டு வினாடி என்றால், கதிர் 1.6 மீட்டர் முன்னதாகவே இருக்க வேண்டும். பல வீடுகளில் மேஜையின் நீளமே அவ்வளவுதான்.

அடுத்த தலைவலி, திறப்பது. கேட்டைத் தாண்டி இன்னொரு கதிரை வைத்தால், இன்ஜின் அதைத் தொட்டதுமே கேட் திறந்துகொள்ளும். பெட்டிகள் இன்னும் சாலையில் இருக்கும். இரட்டைப் பாதையானால், ஒரு ரயில் போனதும் கேட் எழும். எதிர்த்திசை ரயில் நெருங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அனுபவசாலிகள் கேட்டின் இருபுறமும் தண்டவாளத்தைத் துண்டித்துத் தனிப் பகுதியாக்கி, அங்கே மின்சாரம் பாய்கிறதா என்று கண்காணிக்கிறார்கள். பெட்டிகளின் அச்சுகளிலும் சிறு மின்தடைகளைப் பொருத்துவதால் கடைசிப் பெட்டி நகரும்வரை கேட் அசையாது.

இந்த யோசனைக்கு வயது 150க்கு மேல். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872இல் உருவாக்கிய தண்டவாள மின்சுற்றில், பாதை காலியாக இருக்கும்போதுதான் மின்சாரம் ரிலேயை எட்டும். ரயில் வந்தால் சக்கரங்கள் வழியே அது திசைமாறிவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் அதே சிவப்புதான். பழுதும் பாதுகாப்பின் பக்கமே சாய வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். மேஜையிலும் அப்படித்தான்: மின்சாரம் இருந்தால் மட்டுமே கேட் மேலே நிற்க வேண்டும், நின்றுபோனால் தானே இறங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை பாக்கி. கம்புக்கு அடியில் பொம்மைக் கார் சிக்கிக்கொண்டால்? மூடு என்று உத்தரவு போயிருக்கும், கேட் மூடியிருக்காது. ரயிலுக்கு அது தெரியாது. கம்பு முழுதாக இறங்கினால் மட்டுமே அழுந்தும் ஒரு மைக்ரோ ஸ்விட்சைப் பொருத்தி, கேட்டுக்கு முந்தைய பாதையின் மின்சாரத்தை அதன் வழியே கொடுப்பதுதான் தீர்வு. கேட் மூடாவிட்டால் ரயில் வழியிலேயே நின்றுவிடும். நிஜ ரயில்பாதையில் இதற்குப் பெயர் இன்டர்லாக்கிங்.

இந்தியாவில் கேட்டை மூடுவது பெரும்பாலும் கேட் கீப்பர். அகலப்பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. ஆனால் ஆள் இருக்கும் கேட்டிலும் இரண்டு வகை. இன்டர்லாக் செய்த கேட் மூடிப் பூட்டப்பட்டால்தான் சிக்னல் விழும். சிக்னல் விழுந்திருக்கும்வரை கேட்டைத் திறக்க முடியாது. மற்ற கேட்டுகளில் எல்லாம் தொலைபேசிதான். ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கிறார். 'மூடிவிட்டேன்' என்று கேட் கீப்பர் ஒரு ரகசிய எண்ணைச் சொல்கிறார். சிக்னல் நம்புவது கேட்டை அல்ல, அந்தச் சொல்லை.

2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த கேட் இன்டர்லாக் செய்யப்படாதது. மறுநாளே ரயில்வே அமைச்சகம் விதியை மாற்றியது. ரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வாகனங்களின் அளவையும் பெருக்கி ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. அது 20,000ஐத் தொட்டால்தான் இன்டர்லாக்கிங் என்றிருந்தது 10,000 ஆகக் குறைக்கப்பட்டது. இன்டர்லாக் செய்யப்படாத கேட்டுகளில் சொல்தான் காவல்.

மேஜையில் இந்தக் காவலுக்கு ஆகும் செலவு ஒரு ஸ்விட்ச், இரண்டு கம்பிகள். அதைக்கூடப் பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே கவிழ்ந்த காரை எடுத்து மறுபடி சக்கரத்தில் நிறுத்திவிடலாம்.