சர் வால்டருக்கு ஏன் எரிச்சல்?

ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலில் பிரபு சர் வால்டருக்குக் கடற்படை என்றாலே எரிச்சல். காரணம் உண்டு. அன்றைய இங்கிலாந்தில் தரைப்படைப் பதவியைப் பணம் கொடுத்து வாங்கலாம். கடற்படையில் ஆறு வருடம் உழைத்து, தேர்வில் தேறினால்தான் லெப்டினன்ட். போஸ்ட் கேப்டன் ஆகும்வரை சிபாரிசு உதவும். அதற்கு மேல் அட்மிரலாக, பிரபு மகனும் மூப்பு வரிசையில் காத்திருக்க வேண்டும். முன்னால் இருப்பவர்கள் சாக வேண்டும். (நர்ஸுகள் எங்கள் சீனியாரிட்டி லிஸ்ட் எவ்வளவோ தேவலை!)

1806இல் காசில்லாத வென்ட்வொர்த்துக்குப் பெண் தர சர் வால்டருக்கு மனமில்லை. எட்டு வருடத்தில் அவர், எதிரிக் கப்பல்களைப் பிடித்துச் சேர்த்த 25,000 பவுண்டுடன் கேப்டனாக வருகிறார். கடனாளியான சர் வால்டரின் மாளிகையிலோ ஓர் அட்மிரல் வாடகைக்கு இருக்கிறார்!

ஆஸ்டினின் சகோதரர்கள் இருவர் கடற்படையினர். மூத்தவர் பிரான்சிஸ், வரிசை நகர நகர, 1863இல் 89ஆம் வயதில் உச்சப் பதவியை அடைந்தார்.