காணாமல் போனதா, எடுத்துவிட்டார்களா?

2014 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் சோதனைப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. முழுப் பதிப்பு வெளிவர ஒரு மாதமே இருந்த நிலையில், 2015 ஜூன் இறுதியில் வந்த 10159 என்ற பில்டில் ‘கெஸ்ட்’ கணக்கு மறைந்துபோனது. வீட்டுக்கு வந்தவர் நம் கோப்புகளைத் தொடாமல் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த உதவிய ஏற்பாடு அது. வினோதம் என்னவென்றால், கணக்கின் பெயர் கணினிக்குள் இன்னும் இருக்கிறது. கட்டளைத் திரையில் அதை உயிர்ப்பிக்கச் சொன்னால் ‘வெற்றி’ என்று பதில் வரும். நுழைவுத் திரையிலோ அது தலைகாட்டாது. பயனர் என்ன நினைப்பார்? இன்ஸ்டால் செய்ததில் கோளாறு என்றுதான். உடனே எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றுவார், அல்லது ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பார். இரண்டும் வீண் வேலை. பழுதானதைத்தான் சரிசெய்ய முடியும். வேண்டுமென்றே எடுத்துவிட்டதை முடியாது. சோதனைப் பதிப்பில் ஒரு வசதி காணோம் என்றால், இது பழுதா, முடிவா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பதற்கு வழி உண்டு. ‘வின்வர்’ என்று தட்டினால் பில்ட் எண் தெரியும். அந்த எண்ணுக்கான வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பது பத்து நிமிட வேலை. பலரும் தவிர்ப்பது இதைத்தான். அடுத்து, எந்த எடிஷன் என்று பார்க்க வேண்டும். பயனர்களையும் குழுக்களையும் நிர்வகிக்கும் தனித் திரை ப்ரோ எடிஷனில் உண்டு, ஹோம் எடிஷனில் கிடையாது. எத்தனை முறை மீண்டும் ஏற்றினாலும் வராது. அலுவலகக் கணினியாக இருந்தால் நிர்வாகியின் விதிமுறை மறைத்திருக்கலாம். இவற்றைவிடக் குழப்புவது ஒன்று உண்டு: சோதனைப் பதிப்புகளில் புதிய வசதிகளை எல்லாருக்கும் ஒரே நாளில் திறப்பதில்லை. ஒரே பில்ட் ஓடும் இரண்டு கணினிகளில் ஒன்றில் வசதி இருக்கும், மற்றதில் இருக்காது. அது பழுதல்ல, முறை இன்னும் வரவில்லை. இத்தனையும் இல்லையென்றால் புதிதாக ஒரு கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பார்க்கலாம். அங்கே வசதி தெரிந்தால் பழைய கணக்கின் அமைப்பில்தான் கோளாறு. அங்கும் இல்லையென்றால்தான் பழுது என்று புகார் அனுப்புவதில் பொருள் இருக்கிறது.

ஆளுக்கொரு கருவி இருக்கும் காலத்தில் கெஸ்ட் கணக்கு யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். கொல்கத்தாவிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி அவ்வளவு எளிதல்ல. 1955-இல் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினியான எச்.இ.சி-2எம் வந்து சேர்ந்தது இந்நகரத்தின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குத்தான். ஒரு இயந்திரம், பல ஆய்வாளர்கள். கணினியைப் பலர் பகிர வேண்டியிருந்ததால்தான் 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் புழக்கத்துக்கு வந்தன. அந்தத் தேவை தீர்ந்துவிடவில்லை. மேற்கு வங்க அரசு 2021 முதல் ‘தருணேர் ஸ்வப்ன’ திட்டத்தில் மேல்நிலை மாணவருக்கு டேப்லெட்டோ ஸ்மார்ட்ஃபோனோ வாங்க 10,000 ரூபாய் தருகிறது. வீட்டில் கருவி இல்லாத பிள்ளைகள் இருப்பதால்தானே அப்படியொரு திட்டம்? அப்படி வாங்கிய ஒன்றை அண்ணனும் தங்கையும் பகிர்வது இயல்பு. ஆண்ட்ராய்டு ஃபோன்களில் 2014-இல் வந்த 5.0 பதிப்பு முதலே பல பயனர் வசதி உண்டு. ஆனால் சாம்சங் அதை டேப்லெட்டில் தருகிறது, ஃபோனில் தருவதில்லை. இது தெரியாமல் கொல்கத்தாவின் சாந்தினி சௌக் கடைகளில் ஃபோனைக் கொடுத்து ‘சரிசெய்ய’ச் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

பாதுகாப்புக்காகத்தானே நீக்குகிறார்கள் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. 2017-இல் உபுண்டுவின் விருந்தினர் அமர்வுக்குப் போட்டிருந்த வேலி வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. விருந்தினராக நுழைந்தவர் மற்றவர் கோப்புகளைப் படிக்க முடிந்தது. அமர்வையே முடக்கினார்கள், சரியான முடிவு. ஆனால் வசதியை எடுத்தால் தேவை போய்விடாது. கெஸ்ட் இல்லாத கணினியில் விருந்தினர் எங்கே உட்காருவார்? பெரும்பாலும் உரிமையாளரின் சொந்தக் கணக்கிலேயே, அவருடைய மின்னஞ்சலும் வங்கிப் பக்கமும் திறந்திருக்க. இதை எந்தக் கணக்கில் பாதுகாப்பு என்று சொல்வது?

ஆகவே, நீக்கப்பட்டது என்று தெரிந்தபின் அதை மீட்கப் போராடாமல் மாற்று ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. ‘கெஸ்ட்’ என்ற பெயரை விண்டோஸ் தனக்கென ஒதுக்கி வைத்திருப்பதால் ‘விருந்தினர்’ என்றோ ‘அதிதி’ என்றோ பெயரிட்டு, நிர்வாகி உரிமை தராமல் ஒரு சாதாரண உள்ளூர்க் கணக்கு உருவாக்கலாம். பழைய கெஸ்ட் போலவே மற்றவர் கோப்புகளை அது தொடாது. விருந்தினர் போனபின் உலாவியின் வரலாற்றை மட்டும் அழித்துவிட வேண்டும். மறைந்திருக்கும் வசதிகளைத் திறப்பதாகச் சொல்லும் வெளியார் கருவிகள் வேண்டாம். அடுத்த பில்டில் எது உடையும் என்று தெரியாது. உள்ளூர்க் கணக்கும் இனி எளிதாகக் கிடைக்குமா என்பது வேறு விஷயம். 2025 மார்ச்சில் வந்த விண்டோஸ் 11 சோதனை பில்டில், இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாமல் நிறுவ உதவிய சிறு நிரலை நீக்கினார்கள். அதை வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியும் வைத்திருந்தார்கள்.