ரேகையும் முகமும்

தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் யாரும் நடப்பதில்லை, தள்ளப்படுகிறார்கள். அந்த நெரிசலில் ஒரு விடுதலை உண்டு. அங்கே எவருக்கும் முன்கதை கிடையாது. எப்போதோ பிக்பாக்கெட் அடித்து உள்ளே போய்வந்தவனும் அங்கே பிள்ளைக்குச் சட்டை எடுக்க வந்த தகப்பன்தான்.

2017இல் தியாகராய நகர் போலீசார் ‘ஃபேஸ்டேகர்’ செயலியைக் கையிலெடுத்தபோது பறிபோனது இந்த நிலைதான். செல்போனில் முகத்தைப் படமெடுத்தால், சேமித்து வைத்த பழைய குற்றவாளிகளின் படங்களோடு அது ஒப்பிடப்படும். 2021இல் தமிழகக் காவல்துறை முழுமைக்கும் முக அடையாள மென்பொருள் வந்தது. முகம் எண்களின் வரிசையாகிறது. இரு வரிசைகளின் நெருக்கத்துக்கு இயந்திரம் மதிப்பெண் போடுகிறது. எத்தனை வாங்கினால் ‘அதே ஆள்’ என்பதைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். தில்லி போலீசுக்கு 80 சதவீதம் போதுமாம். (மீதி இருபது யார் முகமோ!)

ஆளை மாற்றிப் பிடிப்பது பற்றி நிறையப் பேசியாயிற்று. சரியாகவே பிடித்துவிட்டால்? அந்தத் தகப்பன் அன்று எதுவும் செய்யவில்லை. செய்யக்கூடியவன் என்று திரை சொல்கிறது. செயலைத் தண்டிக்க வந்த சிறை, செய்தவனின் வாழ்க்கையைத் துருவி, ‘குற்றவாளி’ என்ற தன்னிலையை உற்பத்தி செய்வதை ஃபூக்கோ 1975இல் எழுதினார். அதற்குப் பாரிசுக்குப் போவானேன்? உசிலம்பட்டிப் பக்கம் போனால் போதும். குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பிறந்ததே அங்கு குற்றம். ரேகை தரமாட்டோம் என்று 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரேகையையாவது கேட்டு வாங்க வேண்டியிருந்தது. முகத்தை யாரும் கேட்பதில்லை. மறுக்கிற கணமே இல்லாமல் போகிறது.

மயிலாப்பூரில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நமக்கும் கோப்பு உண்டு. நேற்றுப் பார்த்த புடவையை இன்று செல்போன் மறுபடி நீட்டுகிறது, உனக்குப் பிடிக்கும் என்கிறது. பிடித்தும்விடுகிறது! நேற்றைய நீதான் நாளைய நீ என்ற அதே தர்க்கம். நமக்குத் தள்ளுபடி, அவனுக்கு ஸ்டேஷன். இரண்டிலும் அடைபடுவது மனம் மாறுவதற்கான இடைவெளி. அது இல்லாமல் அறம் என்று எதைப் பேசுவது?

அதே 2017இல்தான் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெருமாள்முருகன் வழக்கில் தீர்ப்பெழுதிய நீதிபதி கௌல், மனிதர்கள் மாறுகிறார்கள், பழையது மறக்கப்பட வேண்டும் என்ற உரிமையை அதில் பேசினார். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு தன் அமைப்புகளுக்கு விலக்களிக்க வழி வைத்திருக்கிறது. படத்தை நீக்கச் சொல்லி அந்தத் தகப்பன் எந்த வாசலில் மனுக் கொடுப்பான்?