பெட்ரோல் புறக்கணிப்பு

பெட்ரோல் புறக்கணிப்பு என்பது எரிபொருள் விலை உயர்வை எதிர்த்து, வாகன உரிமையாளர்கள் ஒரு குறிப்பிட்ட நாளிலோ ஒரு குறிப்பிட்ட நிறுவனத்திடமிருந்தோ பெட்ரோல் வாங்குவதைத் தவிர்க்கும் போராட்ட முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் பெட்ரோலைப் பேச்சு வழக்கில் "கேஸ்" என்பர். எனவே அங்கு இது "கேஸ் அவுட்" எனப்படுகிறது. 1999 முதல் இதற்கான அழைப்புகள் முதலில் மின்னஞ்சல் வழியாகவும் பின்னர் சமூக ஊடகங்கள் வழியாகவும் பலமுறை பரவியுள்ளன. ஒரு நாள் புறக்கணிப்பினால் விலை குறைவதில்லை என்பது பொருளியலாளர்களின் பரவலான கருத்து. ஆயினும் மக்களின் பயன்பாடே குறைந்த காலங்களில் விலை இறங்கியதற்கு வரலாற்றில் சான்றுகள் உள்ளன.

வரலாறு

1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோல் ஒரு டாலருக்கும் குறைவாக விற்றது. அவ்வாண்டு மார்ச்சில் ஒபெக் நாடுகள் கச்சா எண்ணெய் உற்பத்தியைக் குறைக்க முடிவு செய்தபின் விலை ஏறியது. ஏப்ரல் 30, 1999 அன்று எவரும் பெட்ரோல் வாங்க வேண்டாம் எனக் கேட்கும் சங்கிலி மின்னஞ்சல் அப்போது பரவியது. விலை ஏற்றம் அத்துடன் நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு சூனில் நாட்டின் சராசரி விலை 1.60 டாலரைத் தாண்டியது.

2007இல் விலை 3 டாலரைக் கடந்தபோது, மே 15ஐப் புறக்கணிப்பு நாளாகக் குறித்து மற்றொரு மின்னஞ்சல் பரவியது. 1997 ஏப்ரலில் நடந்த புறக்கணிப்பால் ஒரே இரவில் கேலனுக்கு 30 சென்ட் குறைந்ததாக அது கூறியது. அப்படியொரு விலை வீழ்ச்சி நிகழவில்லை. மே 15க்கு அடுத்த வாரத்திலும் விலை ஏறவே செய்தது.

விலை அமையும் முறை

அமெரிக்காவில் பெட்ரோலின் சில்லறை விலை நான்கு கூறுகளைக் கொண்டது. அவை:

1. கச்சா எண்ணெயின் விலை
2. சுத்திகரிப்புச் செலவும் இலாபமும்
3. வழங்கல், விற்பனைச் செலவுகளும் இலாபமும்
4. வரிகள்

இவற்றுள் கச்சா எண்ணெயின் பங்கே பெரியது. பல ஆண்டுகளில் இது ஏறத்தாழப் பாதியாக இருந்துள்ளது. கச்சா எண்ணெயின் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. கூட்டரசு வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட் ஆகும். மாநில வரிகள் இடத்துக்கு இடம் மாறுபடும். ஆகவே, பெட்ரோல் நிலைய உரிமையாளர் தாமே முடிவு செய்யக்கூடியது விலையின் ஒரு சிறு பகுதியை மட்டுமே.

ஒரு நாள் புறக்கணிப்பு

ஒரு குடும்பம் வாரத்திற்கு 12 கேலன் பெட்ரோல் பயன்படுத்துவதாகக் கொள்வோம். செவ்வாய்க்கிழமை வாங்குவதைத் தவிர்த்து, திங்களன்றோ புதனன்றோ கலனை நிரப்பினால், அவ்வாரத்தின் மொத்தக் கொள்முதல் அதே 12 கேலன்தான். வாங்கும் நாள் மாறியதே தவிர, எரித்த அளவு மாறவில்லை. பெட்ரோல் நிலையங்களின் நிலத்தடித் தொட்டிகளில் இருப்பு வைக்கப்படுவதால், ஒரு நாள் விற்பனை குறைந்தாலும் சுத்திகரிப்பு ஆலைகளோ எண்ணெய்க் கிணறுகளோ உற்பத்தியைக் குறைக்கத் தேவை ஏற்படுவதில்லை. மறுநாள் கூடுதலாக விற்பனையாகும் என்பதையும் விற்பனையாளர் அறிவர்.

விலை உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் இத்தகைய அழைப்புகள் எழுகின்றன. உச்சத்துக்குப் பின் விலை தானாகவே இறங்குவதும் உண்டு. அந்த இறக்கத்தைப் புறக்கணிப்பின் வெற்றியாகக் கருதுவது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை போன்றது.

ஒரே நிறுவனத்தைப் புறக்கணித்தல்

எக்சான், மோபில் ஆகிய பெரிய நிறுவனங்களிடம் மட்டும் வாங்காதிருந்தால் அவை விலையைக் குறைக்கும், பிறவும் பின்தொடரும் என்று வேறு சில மின்னஞ்சல்கள் வாதிட்டன. (இவ்விரு நிறுவனங்களும் 1999 நவம்பரில் ஒன்றாக இணைந்தன.) இவ்வாதத்தில் உள்ள குறைகள் பின்வருமாறு:

1. பெட்ரோல் ஒரு பொதுப் பண்டம். வெவ்வேறு ஆலைகளின் பெட்ரோல் ஒரே குழாய்வழியில் கலந்து செல்கிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிய சேர்பொருள்கள் பெரும்பாலும் வழங்கல் முனையத்தில்தான் கலக்கப்படுகின்றன.

2. புறக்கணிக்கப்பட்ட நிறுவனம் தன் பெட்ரோலைப் பிற நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்க முடியும். கூட்டம் அதிகரித்த நிலையங்களுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படுவதால், அதே ஆலையின் பெட்ரோல் வேறு பெயர்ப்பலகையின் கீழ் விற்பனையாகும்.

3. அமெரிக்காவில் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் நேரடியாக உடைமையாகக் கொண்டுள்ள நிலையங்கள் மிகச் சில. பெரும்பாலானவை தனியார் சிறு வணிகர்களுடையவை.

மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடை வெடித்து எண்ணெய் கசிந்தபின், பிபி நிறுவனத்தைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. அதன் முதல் அடி விழுந்தது விபத்துக்குத் தொடர்பில்லாத நிலைய உரிமையாளர்கள் மீதும் அவர்களிடம் வேலை செய்தோர் மீதும் ஆகும்.

விலை நெகிழ்ச்சி

விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் அளவு தேவையின் விலை நெகிழ்ச்சி எனப்படும். ஹியூஸ், நிட்டல், ஸ்பெர்லிங் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1975-1980 காலத்தில் அமெரிக்காவில் பெட்ரோல் விலை 10 விழுக்காடு உயர்ந்தால், குறுங்காலத்தில் பயன்பாடு 2.1 முதல் 3.4 விழுக்காடு வரை குறைந்தது. 2001-2006 காலத்தில் அது 0.3 முதல் 0.8 விழுக்காடு அளவே குறைந்தது. பேருந்தோ தொடருந்தோ இல்லாத புறநகரில் வாழ்வோர் விலை ஏறினாலும் வேலைக்குச் சென்றே ஆக வேண்டும். நீண்ட புறக்கணிப்புகள் நிலைக்காமைக்கும் இதுவே காரணம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நெகிழ்ச்சி குறைவான சந்தையில், தேவை உண்மையாகவே சிறிதளவு குறைந்தாலும் விலை அதைவிடப் பெரிய அளவில் மாறும். எடுத்துக்காட்டாக, உலக எண்ணெய்த் தேவை நாளொன்றுக்கு 10 கோடி பீப்பாய் எனவும், அமெரிக்கப் பெட்ரோல் பயன்பாடு 90 இலட்சம் பீப்பாய் எனவும் கொள்வோம். அமெரிக்க ஓட்டுநர்களில் பாதிப்பேர் தம் பயன்பாட்டை நிலையாக 10 விழுக்காடு குறைத்தால், 4.5 இலட்சம் பீப்பாய் மிஞ்சும். இது உலகத் தேவையில் 0.45 விழுக்காடு. தேவை, அளிப்பு ஆகியவற்றின் நெகிழ்ச்சிகள் சேர்ந்து 0.1 எனக் கொண்டால், கச்சா எண்ணெய் விலை சுமார் 4.5 விழுக்காடு குறையும். சில்லறை விலையில் கச்சா எண்ணெயின் பங்கு பாதி என்றால், அங்கு ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும். எனினும் எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் குறைத்தால் இப்பயனும் மறையக்கூடும்.

பயன்பாடு குறைந்த காலங்கள்

1970களின் எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின், அமெரிக்காவின் மொத்த எண்ணெய்ப் பயன்பாடு 1978இல் நாளொன்றுக்கு சுமார் 188 இலட்சம் பீப்பாயாக இருந்து, 1983இல் சுமார் 152 இலட்சமாகக் குறைந்தது. பொருளாதார மந்தம், எரிபொருள் சிக்கனமுள்ள மகிழுந்துகள், மின் உற்பத்தியில் எண்ணெய்க்கு மாற்றாக வேறு எரிபொருள்கள் ஆகியவை இதற்குக் காரணங்கள். சவூதி அரேபியா தன் உற்பத்தியைக் குறைத்துச் சில ஆண்டுகள் விலையைத் தாங்கியது. 1985இன் பிற்பகுதியில் அது அம்முயற்சியைக் கைவிட்டதும், 1986இல் விலை பாதிக்கும் கீழே சரிந்தது.

2020இல் கொரோனா தொற்றால் ஊரடங்கு நிலவியபோது பயணங்கள் நின்றன. ஏப்ரல் 20, 2020 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேரச் சந்தை விலை பீப்பாய்க்கு எதிர்மறை 37.63 டாலரில் முடிந்தது. சேமித்து வைக்க இடமின்மையே இதற்கு உடனடிக் காரணம்.

பயன் தந்த புறக்கணிப்புகள்

விலை அல்லாத நோக்கங்களில் பெட்ரோல் புறக்கணிப்பு வெற்றி பெற்றதுண்டு. 1995இல் வடகடலில் இருந்த பிரெண்ட் ஸ்பார் என்னும் எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை அட்லாண்டிக் ஆழ்கடலில் மூழ்கடிக்க செல் நிறுவனம் திட்டமிட்டது. கிரீன்பீஸ் அமைப்பு இதை எதிர்த்தது. செருமனியில் மக்கள் செல் நிலையங்களைத் தவிர்த்தனர். சூன் 20, 1995 அன்று நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. மிதவையில் எஞ்சியிருந்த எண்ணெயின் அளவை மிகைப்படக் கூறியதற்காகக் கிரீன்பீஸ் பின்னர் மன்னிப்புக் கேட்டது. இங்கு கோரிக்கை ஒன்றே. அதை நிறைவேற்றும் அதிகாரம் அந்நிறுவனத்திடமே இருந்தது.

மொரோக்கோவில் எரிபொருள் விலைக் கட்டுப்பாடு 2015இன் இறுதியில் நீக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் விலைவாசியை எதிர்த்து, அஃப்ரிக்கியா பெட்ரோல் நிலையங்கள், சென்ட்ரால் தனோன் பால், சிதி அலி குடிநீர் ஆகியவற்றை மக்கள் மாதக்கணக்கில் புறக்கணித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் தனோன் தன் பால் விலையைக் குறைப்பதாக அறிவித்தது. எரிபொருளில் அவ்வாறான நேரடி விளைவு இல்லை. எனினும் நிறுவனங்களின் இலாப விகிதம் பொது விவாதமானது. 2023 நவம்பரில் அந்நாட்டுப் போட்டி மன்றத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஒன்பது எரிபொருள் நிறுவனங்கள் 184 கோடி திர்ஃகம் செலுத்த ஒப்புக்கொண்டன.

இவற்றையும் பார்க்கவும்

- ஒபெக்
- 1973 எண்ணெய் நெருக்கடி
- விலை நெகிழ்ச்சி
- நுகர்வோர் புறக்கணிப்பு