அடுப்புகளின் வரலாறு: பாதி தண்ணீரிலும் எரியும் எரிசாராயம்

குளிர்பான டின்னை வெட்டிச் செய்யும் ஸ்பிரிட் அடுப்பின் இரட்டைச் சுவரும் விளிம்புத் துளைகளும் சென்ற வாரமே விளக்கப்பட்டன. மலையேறுவோர் அதைக் கையாளும் முறை அடுத்த வாரத்துக்கு உரியது; அதற்கு முன் சொல்லியாக வேண்டிய அரிய ஆய்வு ஒன்று உண்டு.

மகாராஷ்டிரத்தின் பல்டண் ஊரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனில் ராஜவன்ஷியும் அவர் குழுவினரும், எடையில் பாதி எத்தனாலும் பாதி தண்ணீருமான கலவையில் எரியும் சமையல் அடுப்பை உருவாக்கி, 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். எத்தனால் என்பது சர்க்கரையை நொதிக்கவைத்துக் காய்ச்சி எடுக்கும் எரிசாராயம். பாதி தண்ணீரான எரிபொருள் அணையாமல் எரிவது வியப்பாகத் தோன்றினாலும், கணக்கு அதற்கு இடம் தருகிறது: அரை கிலோ எத்தனால் எரிந்தால் ஏறத்தாழ 13 மெகாஜூல் வெப்பம் கிடைக்க, உடனுள்ள அரை கிலோ தண்ணீரை ஆவியாக்க 1.3 மெகாஜூல்தான் செலவாகிறது. அதாவது, தண்ணீர் எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கே.

ஆனால், இதே கலவையை டின் அடுப்பில் ஊற்றினால் பயன் இல்லை. எத்தனால் 78 டிகிரியிலும் தண்ணீர் 100 டிகிரியிலும் கொதிப்பதால், திறந்த கிண்ணத்தில் எத்தனால் முந்திக்கொண்டு ஆவியாகிவிட, அடியில் தண்ணீரின் விகிதம் ஏறிக்கொண்டே போய்ச் சுடர் அணைந்துவிடுகிறது. பல்டண் அடுப்போ காற்றழுத்தத்தால் இயங்குவது. அழுத்தம் கலவையைச் சூடான குழாய்க்குள் தள்ளும்போது இரண்டும் ஒன்றாகவே ஆவியாகிப் பர்னரை அடைவதால், தண்ணீர் பின்தங்கித் தேங்க இடமில்லை. தமிழகத்துத் திருவிழா இரவுகளுக்கு ஒளி தந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் அடிப்படையும் இதுவே; அதன் சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தியதெல்லாம், மண்ணெண்ணெய் ஏறிவரும் குழாயை முன்கூட்டியே சூடாக்கத்தான்.

இந்தக் கண்டுபிடிப்பின் பெரும் பயன் கிராமத்துக்கே உரியது. நொதித்த சாற்றிலிருந்து பாதியளவு செறிவை எட்ட எளிய காய்ச்சி வடித்தல் போதும். தண்ணீரை ஏறக்குறைய முழுதும் நீக்கவே உயர்ந்த வடிகலன்களும் கூடுதல் வெப்பமும் தேவை. கரும்பு விளையும் பாலாற்றுப் பகுதியில், அம்முண்டியில் வேலூர் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது; எரிசாராயத்தின் மூலப்பொருளான மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு இத்தகைய ஆலைகளில்தான் மிஞ்சுகிறது. ஆயினும், சாராயம் காய்ச்சுதலும் அதை வைத்திருத்தலும் மதுவிலக்குச் சட்டத்தின் கட்டுக்குள் இருப்பதால், தொழில்நுட்பம் எளிதாக இருந்தும் அது சமையலறையை எட்டும் வழி குறுகியதே. அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை: மெத்தனால் கலந்த நச்சுச் சாராயம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஸ்பிரிட் சுடரின் ஆபத்தும், எரியும் அடுப்பில் மீண்டும் எரிபொருள் ஊற்றலாகாது என்னும் விதியும், காட்டில் அடுப்பு மூட்டக் கூடாத இடங்களும் அடுத்த வாரம்.